சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை

வேதாளம் விக்கிரமாதித்தனிடம் சொன்ன கதைகளுள் ஒன்றில் ஒரு கிண்ணம் பாற்சோறு வருகிறது. பசியோடு வந்த வழிப்போக்கனுக்கு ஒரு வீட்டுக்காரி நெய்யும் சர்க்கரையும் சேர்த்து அதைக் கொடுக்கிறாள். அவன் ஆலமரத்தடியில் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போகிறான். அந்நேரம் பருந்து ஒன்று பாம்பைக் கவ்விக்கொண்டு வந்து மரத்தில் உட்காருகிறது. பாம்பின் வாயிலிருந்து சொட்டிய நஞ்சு சோற்றில் விழுகிறது. தெரியாமல் தின்றவன் தள்ளாடித் தள்ளாடி அந்த வீட்டு வாசலுக்கே திரும்பி வந்து, நீ போட்ட சோறுதான் என்னைக் கொன்றது என்று சொல்லிவிட்டுச் சாகிறான். வீட்டுக்காரன் மனைவியை அடித்து விரட்டுகிறான். இதில் பழி யாருக்கு என்று கேட்கிறது வேதாளம்.

பாம்பு பருந்தின் பிடியில் இருந்தது, அதற்கு வேறு வழியில்லை. பருந்து தன் இரையைத் தின்றது. அந்தப் பெண் பசித்தவனுக்குச் சோறு போட்டாள். யோசிக்காமல் இவர்களில் ஒருவர் தலையில் பழியைப் போடுகிறவன் எவனோ அவனைத்தான் பழி சேரும் என்கிறான் அரசன். காஷ்மீரத்து சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இருக்கிற கதை இது. தமிழில் விக்கிரமாதித்தன் கதைகளும் வேதாளக் கதைகளும் திண்ணைகளில் சொல்லப்பட்டு, பிறகு மலிவுப் பதிப்புகளாக அச்சேறி வீடு வீடாகப் போயின. கதை கேட்டவர்களுக்கு அவை ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டன. கதை முடிந்த இடத்தில் எழுந்து போய்விடக் கூடாது. யார் செய்ததால் இது இப்படி ஆயிற்று என்று உட்கார்ந்து பேச வேண்டும்.

ஆனால் பழங்கதைகள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குச் சுலபமான ஒரு விடையைக் கையில் வைத்திருந்தன. முற்பிறவி. சிலப்பதிகாரம் தன் பதிகத்திலேயே ஊழ்வினையை மூன்று நோக்கங்களுள் ஒன்றாகச் சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்டதற்குப் பாண்டியனின் அவசர ஆணை காரணம். பொற்கொல்லனின் திருட்டு காரணம். இருந்தும் மதுராபதித் தெய்வம் வந்து கண்ணகியிடம் சொல்வது வேறொரு கணக்கு. முற்பிறவியில் கோவலன் பரதன் என்னும் பெயரோடு இருந்தபோது சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான். அவன் மனைவி நீலி இட்ட சாபம் இப்போது வந்து சேர்ந்தது. பாண்டியன் விசாரிக்காமல் சொன்ன ஒரு சொல்கூட அவனுடையதாக முழுமையாக இல்லை. வினை விளைந்த காலம் அவன் நாக்கில் அப்படி வந்தது என்று காவியம் கருதுகிறது.

தமிழில் சிறுகதை பிறந்தபோது இந்தக் கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. ஒரு பத்திரிகையின் சில பக்கங்களுக்குள் அடங்க வேண்டிய கதையில் முற்பிறவிக்கு இடமில்லை. சாபத்துக்கும் வரத்துக்கும் இடமில்லை. ஒருவர் ஒரு நாள் ஒரு முடிவு எடுக்கிறார், அதனால் ஒன்று நடக்கிறது. அவ்வளவுக்குத்தான் தாள் இருந்தது. இந்தச் சுருக்கமே சிறுகதைக்கு ஒரு கடுமையைக் கொடுத்தது. பொறுப்பைச் சுமத்த வேறு ஆள் கிடைக்காமல், கதை அங்கே நிற்கிற மனிதர்களிலேயே ஒருவரைத் தேட வேண்டியதாயிற்று. தமிழ்ச் சிறுகதையின் நூறாண்டைத் திரும்பிப் பார்த்தால், நல்ல கதைகள் பல, தவறு செய்தவரைத் தாண்டி அவர் பக்கத்தில் நின்றவரிடம் போய் நிற்பது தெரியும்.

1915ஆம் ஆண்டு விவேகபோதினியில் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் குளத்தங்கரை அரசமரத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. அதற்கு முன்பே பாரதியார் ஆறில் ஒரு பங்கு எழுதியிருக்கிறார். செல்வகேசவராய முதலியாரின் கதைகளும் உண்டு. எது முதல் சிறுகதை என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த வழக்கு ஒரு புறம் இருக்கட்டும். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போய்ப் புரட்சிக்காரராகி, பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பிப் புதுச்சேரியில் தங்கியிருந்த ஒரு மனிதர், ஒரு சின்னஞ்சிறு பெண்ணின் சாவைப் பற்றி எழுதினார் என்பது யோசித்துப் பார்க்க வேண்டிய செய்தி.

ருக்மிணிக்கும் நாகராஜனுக்கும் பால்ய விவாகம் ஆகியிருக்கிறது. ருக்மிணியின் தகப்பனார் காமேசுவரையர் செல்வாக்கானவர். அவருடைய பணம் ஆர்பத்நாட் கம்பெனியில் இருந்தது. அது மூழ்கியதும் குடும்பம் ஓட்டாண்டி ஆகிறது. பணம் போனதும் சம்பந்தி வீட்டார் முகம் மாறுகிறது. பையனுக்கு வேறு பெண் பார்த்து இரண்டாம் கல்யாணம் செய்யத் திட்டமிடுகிறார்கள். நாகராஜன் நல்லவன். பெற்றோருக்குப் பாடம் புகட்ட வேண்டும் என்று ஒரு யோசனை செய்கிறான். கல்யாணத்துக்குச் சம்மதிப்பதுபோல நடித்து, கடைசி நேரத்தில் மறுத்து ருக்மிணியை ஏற்பது என்பது அவன் எண்ணம். இதை நண்பன் ஸ்ரீநிவாசனிடம் அரசமரத்தடியில் சொல்கிறான். மரம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ருக்மிணியிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் அவனைத் தேடி வந்து கேட்கும்போதுகூட, இன்னும் சில நாளில் தானே தெரிந்து சந்தோஷப்படுவாள் என்று நினைத்து விட்டுவிடுகிறான். அவள் குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள். அவன் சந்நியாசியாகிப் போகிறான்.

இதில் கொடுமை செய்தவர்கள் மாமனாரும் மாமியாரும். பேராசை பிடித்தவர்கள் அவர்கள்தான். ஆனால் அந்தப் பெண் குளத்தை நோக்கி நடந்தது எந்த நிமிஷத்தில் முடிவானது என்று பார்த்தால், கதை நம்மை நாகராஜனிடம் கொண்டுபோய் விடுகிறது. அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே வார்த்தை அவன் வாயில் இருந்தது. அவன் அதை ஒரு விளையாட்டுக்காக, ஒரு ஆச்சரியத்துக்காக வைத்துக்கொண்டான். விளையாட்டுக்குக்கூடப் பெண்ணின் மனதை நோகடிக்காதீர்கள் என்று மரம் கடைசியில் கெஞ்சுகிறது. இன்றைய வாசகருக்கு அந்த உபதேசம் அதிகப்படியாகத் தோன்றலாம். கதையின் எலும்பு மட்டும் வலுவாக இருக்கிறது. நல்லவனின் மௌனம் கெட்டவனின் பேராசையைவிட வேகமாகக் கொன்றுவிடும் என்று அது காட்டுகிறது.

அந்த ஆர்பத்நாட் கம்பெனி கற்பனை அல்ல. பாரி, பின்னி என்று சென்னையில் கொடிகட்டிப் பறந்த வெள்ளைக்கார வணிக நிறுவனங்களின் வரிசையில் அதுவும் ஒன்று. உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள், மிராசுதார்கள், விதவைகள் என்று பலரும் அதில் சேமிப்பைப் போட்டு வைத்திருந்தார்கள். லண்டனில் அந்த நிறுவனத்தின் கூட்டாளியாக இருந்த மக்பேடியன் ஊக வணிகத்தில் பணத்தைத் தொலைத்துவிட்டு ரயிலின் முன் விழுந்து இறந்துபோனார். 1906 அக்டோபர் 22ஆம் தேதி சென்னையில் கம்பெனி கதவைச் சாத்தியது. தலைவராக இருந்த சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் மீது வழக்கு நடந்து 18 மாதம் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. பணம் இழந்தவர்களுக்காக முன்னின்று போராடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர், நம்மவர்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று எடுத்த முயற்சியில்தான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 

லண்டனில் யாரோ ஒருவர் எடுத்த முடிவு, சென்னையில் ஒரு கம்பெனியைச் சாய்த்து, ஒரு கிராமத்து வீட்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலைவிதியாகிறது. வ.வே.சு. ஐயர் இதைக் கதையில் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறார். 1915இல் படித்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அவர்களில் பலருடைய வீட்டிலும் அந்தக் கம்பெனியின் பெயர் அழுகையோடு உச்சரிக்கப்பட்டிருக்கும். அன்றைய சட்டமும் சம்பந்தி வீட்டார் பக்கமே இருந்தது. இந்து ஆண் இரண்டாம் தாரம் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949இல்தான் வந்தது.

குளத்தங்கரை அரசமரத்துக்குத் தாகூரின் ஒரு கதை முன்மாதிரி என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1884இல் தாகூர் எழுதிய அந்தக் கதையில் கங்கைக் கரைப் படித்துறை பேசுகிறது; குஸும் என்ற இளம் விதவை நீரில் இறங்கிவிடுகிறாள். கதை சொல்லும் உத்தியை ஐயர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாகராஜன் அங்கிருந்து வரவில்லை. நல்லெண்ணத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கும் அந்தப் பையன் நம் ஊர்க்காரன்.

1933 செப்டம்பரில் கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் மணிக்கொடியைத் தொடங்கியபோது அது அரசியல் வாரப் பத்திரிகை. 1935இல் பி.எஸ். ராமையா பொறுப்பேற்ற பிறகு கதைக்கே உரிய பத்திரிகையாக மாறியது. சன்மானம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் கதைக்கு உபதேசம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சுதந்திரத்தைப் புதுமைப்பித்தன் எடுத்துக்கொண்டவிதமே தனி.

1934இல் அவர் எழுதிய பொன்னகரத்தில் அம்மாளு ஆலையில் வேலை செய்கிறவள். ஜட்கா ஓட்டும் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். பால் கஞ்சி கேட்கிறான். கையில் காசில்லை. ஏற்கெனவே அவள்மேல் கண் வைத்திருந்த ஒருவனோடு அவள் சந்து இருட்டுக்குள் போகிறாள், காசு கிடைக்கிறது. முடிவு எடுத்தவள் அம்மாளு. ஆனால் புதுமைப்பித்தன் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தீர்ப்புச் சொல்லாமல், கற்பைப் பற்றி ஓயாமல் பேசுகிறவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறார். அவளுக்கு முன்னால் எத்தனை வழிகள் திறந்திருந்தன என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். வேதாளத்தின் கேள்வியில் பாம்பின் இடத்தில் இருக்கிறாள் அம்மாளு.

முடிவை எடுத்துவிட்டுத் திரும்பிவந்தவரும் புதுமைப்பித்தன் உலகத்தில் உண்டு. மனித யந்திரம் 1937இல் வந்த கதை. காலமெல்லாம் பற்று வரவு எழுதியே தேய்ந்த கடைக் குமாஸ்தா மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஒரு நாள் முதலாளியின் பெட்டிப் பணத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு ரயிலடிக்குப் போகிறார். தூத்துக்குடி, அங்கிருந்து கொழும்பு, திரும்பி வந்தால் பெரிய மனிதர் என்று மனம் ஓடுகிறது. பிறகு பயம் பிடித்துக்கொள்கிறது. பணம் பெட்டிக்கே திரும்புகிறது. வெளியே எதுவும் நடக்கவில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் அந்தக் கதையின் தண்டனை. மறுநாளும் அதே பேரேடு. இந்த இடத்தில் நேர்மை வென்றது என்று மகிழ்கிற வாசகர் கதையைத் தவறவிட்டுவிடுகிறார். அவர் திரும்பிவந்தது நேர்மையால் அல்ல, பழக்கத்தால்.

1943இல் கலைமகளில் வெளிவந்த சாப விமோசனம் இன்னும் ஆழத்துக்குப் போனது. ராமாயணம் அறிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்ற பொருளில் கதைத் தலைப்பிலேயே ஒரு குறிப்பு வைத்திருந்தார் புதுமைப்பித்தன். ராமன் பாதத் தூளி பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, மீண்டும் வாழப் பழகுகிறாள். ஊர் பேசுகிறது, கோதமர் தம்மால் ஆனமட்டும் அன்பாக இருக்கிறார். வனவாசம் முடிந்து சீதை அவளைப் பார்க்க வருகிறாள். பேச்சோடு பேச்சாக, தான் தீயில் இறங்கி வெளிவந்த செய்தியைச் சொல்கிறாள். அவர் கேட்டார், செய்தேன் என்பதுபோலச் சர்வ சாதாரணமாகச் சொல்கிறாள். அகலிகை ஆடிப்போகிறாள். தன்னை மன்னித்த ராமன், தன் மனைவியிடம் அக்கினி சாட்சியம் கேட்டிருக்கிறான். அன்று அவள் மறுபடியும் கல்லாகிறாள்.

இதில் வியப்பு என்னவென்றால், விளைவு விழுவது முடிவெடுத்தவன் மேலும் அல்ல, அதை அனுபவித்தவள் மேலும் அல்ல. ராமன் ராஜ்யம் ஆளப் போகிறான். சீதை தனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். எங்கோ நடந்த ஒரு சோதனையின் சேதி காதில் விழுந்த மூன்றாவது ஒருத்தி உயிரை இழக்கிறாள். ஒருவருக்குக் கொடுத்த நியாயத்தை இன்னொருவருக்கு மறுத்தால், முதலில் கொடுத்ததும் செல்லாமல் போய்விடுகிறது. இத்தனை நுட்பமாக விளைவைப் பின்தொடர்ந்த கதை தமிழில் அதற்கு முன் இல்லை.

இவ்வளவு பெரிய மலைகளைப் புரட்டாமல், ஒரு கதவைத் தட்டுகிற சின்னச் செயலை வைத்தே கு.ப.ராஜகோபாலன் எழுதினார். கும்பகோணத்துக்காரர், 1944இல் 42 வயதிலேயே போய்விட்டார். அவருடைய ஆற்றாமையில், கணவன் தொலைவில் இருக்க ஒண்டுக் குடித்தனத்தில் தனியாக நாளைக் கழிக்கிறாள் சாவித்திரி. அடுத்த அறையில் புதுத் தம்பதி கமலாவும் ராகவனும். ஓர் இரவு ராகவனைத் தேடி நண்பன் ஒருவன் வருகிறான். உள்ளே அவர்கள் எந்த நிலையில் இருப்பார்கள் என்று சாவித்திரிக்குத் தெரியும். அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கலாம். அவள் வழிகாட்டிவிடுகிறாள். கதவு திறக்கிறது, கமலா கூசி நிற்கிறாள். அவ்வளவுதான் நடந்தது. சாவித்திரி தன் அறைக்குத் திரும்பிப் படுத்து அழுகிறாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. தன் ஆற்றாமை தன் கையை எங்கே இழுத்துப்போயிற்று என்று அவளுக்கு மட்டும் தெரிகிறது.

இந்த ரகத்தில் தி. ஜானகிராமனின் பாயசத்துக்கு நிகராக எனக்கு வேறு ஒன்று தோன்றவில்லை. காவிரிக்கரைக் கல்யாண வீடு. அண்ணன் மகன் சுப்பராயன் பணமும் பேரும் புகழுமாக இருக்கிறான். அவன் மகளுக்குக் கல்யாணம். சித்தப்பா சாமநாதுவுக்கு வயிறு எரிகிறது. அவர் வீட்டில் இளம் வயதிலேயே தாலி இழந்த மகள் இருக்கிறாள். பந்திக்குத் தயாராக இருக்கும் பாயசத் தவலையை, ஆள் இல்லாத நேரம் பார்த்து, கிழவர் எங்கிருந்தோ வந்த பலத்தோடு சாய்த்துவிடுகிறார். கேட்டவர்களிடம் அதில் பெருச்சாளி விழுந்து கிடந்தது, அதனால் கொட்டினேன் என்கிறார். ஊர் நம்புகிறது. பெரியவர் பார்த்தாரே, இல்லாவிட்டால் எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள் என்று நன்றிகூடச் சொல்லும். மகள் நம்பவில்லை. அவள் அவரைப் பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாமல் அவர் நகர்ந்து போகிறார். அந்தப் பெண்ணின் துக்கத்தைச் சாக்காக வைத்துத்தான் அவர் இத்தனை பொறாமையையும் வளர்த்தார். தண்டனை அவள் கண்ணிலிருந்தே வருகிறது.

அதே ஜானகிராமன் எழுதிய முள்முடியின் நாயகர் அனுகூலசாமி வாத்தியார். வேலையிலிருந்து ஓய்வுபெறும் நாள். இத்தனை வருஷத்தில் ஒரு பையனைக்கூட அடித்ததில்லை என்று ஊரே மெச்சுகிறது. மாலை மரியாதையெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு சின்னையன் என்னும் மாணவனை அழைத்துக்கொண்டு அவன் தாய் வருகிறாள். ஒரு வருஷத்துக்கு முன் அவன் ஒரு புத்தகத்தைத் திருடிவிட்டான். அடிக்கிற வழக்கம் இல்லாத வாத்தியார், இவனோடு யாரும் பேசாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சொன்னவர் மறந்துவிட்டார். பிள்ளைகள் மறக்கவில்லை. வருஷம் முழுவதும் ஒருவரும் அவனோடு பேசவில்லை; வாத்தியாருக்குப் பிரிவுபசாரம் செய்யக் காசு சேர்த்தபோது அவனிடம் வாங்கவும் இல்லை. பிரம்பெடுத்து நான்கு அடி போட்டிருந்தால் அன்று சாயங்காலமே தீர்ந்திருக்கும். ஆசிரியப் பணியில் இருக்கிறவர்கள் இந்தக் கதையைப் படித்துவிட்டுத் தூங்க முடியாமல் தவித்தார்கள் என்றால் நான் நம்புவேன்.

கதையில் ஒருவர் எடுத்த முடிவு, கதைக்கு வெளியே ஊரையே இரண்டாக்கியது ஒரு முறை நடந்தது. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் அக்கினிப் பிரவேசம் வெளிவந்தது. அப்போது அவர் முத்திரைக் கதைகள் எழுதிப் புகழின் உச்சியில் இருந்தார். மழை பெய்யும் ஒரு சாயங்காலம், பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கும் ஏழைக் கல்லூரி மாணவியை ஒரு பெரிய காரில் வந்தவன் ஏற்றிக்கொள்கிறான். அவள் மறுக்கத் தெரியாமல் ஏறுகிறாள். நடக்கக் கூடாதது நடக்கிறது. வீட்டுக்கு வந்து தாயிடம் சொல்லிவிடுகிறாள். அந்த விதவைத் தாய் முதலில் அலறி அவளை அடிக்கிறாள். பல குடித்தனங்கள் இருக்கும் வீடு. சத்தம் கேட்டு அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிறது. அந்த ஒரு நொடியில் தாய் தன்னை அடக்கிக்கொள்கிறாள். மழையில் நனைந்து வந்து நிற்கிறாள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்து, மகளை உள்ளே இழுத்துப்போய்த் தலையில் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டுகிறாள். நீ சுத்தமாகிவிட்டாய் என்று அவளுக்குச் சொல்கிறாள். மகள் வாயில் இன்னும் எதையோ மென்றுகொண்டிருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்கிறாள். காரில் அவன் கொடுத்த சூயிங்கம். அதைத் துப்பி வாயைக் கொப்பளிக்கச் சொல்கிறாள்.

அந்தச் சூயிங்கத்தை எழுதியதில்தான் ஜெயகாந்தனின் கை தெரிகிறது. நடந்தது என்னவென்றே முழுதாக விளங்காத குழந்தை அவள் என்பதை வாதாடி நிறுவ வேண்டிய வேலையை அது செய்துவிடுகிறது.

வாசகர்கள் கொதித்தார்கள். பாராட்டியவர்கள் உண்டு; பண்பாட்டைக் கெடுக்கிறார் என்று ஏசியவர்கள் அதைவிட அதிகம். கதையின் முடிவை மாற்றிப் பதில் கதை எழுதியவர்களும் இருந்தார்கள். காரில் வந்தவன் செய்ததைப் பற்றி அவ்வளவு கோபம் எழவில்லை. மாணவி காரில் ஏறியதைப் பற்றிப் பேசினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தாயைப் பற்றித்தான் பேசினார்கள். ஒரு தாய் இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட முடியுமா என்பதுதான் அவர்களால் பொறுக்க முடியாத கேள்வி. அவர்கள் கோபப்பட்ட இடம் சரியான இடம் என்றே நினைக்கிறேன். அந்தப் பெண்ணின் மிச்ச வாழ்க்கை காரில் முடிவாகவில்லை, குளியலறையில்தான் முடிவாயிற்று என்பதை அவர்களும் உணர்ந்துவிட்டார்கள்.

ஜெயகாந்தன் கட்டுரை எழுதிப் பதில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவர் செய்தது தமிழில் முன்பு யாரும் செய்யாதது. தாய் தண்ணீரைக் கொட்டாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் காலங்கள் மாறும் என்ற தலைப்பில் தொடராக வந்து, பிறகு சில நேரங்களில் சில மனிதர்கள் என்று நூலானது. 1972இல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதில் தாய் கனகம் அலறிவிடுகிறாள். அண்ணன் கணேசன் தங்கையை வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கும் வெங்கு மாமாவே அவள்மேல் கை வைக்கப் பார்க்கிறார். அவள் படித்து நல்ல உத்தியோகத்துக்கு வந்துவிடுகிறாள். ஆனால் கெட்டுப்போனவள் என்ற பேர் அவளை விட்டுப் போகவில்லை. அவள்தான் கங்கா.

பன்னிரண்டு வருஷம் கழித்து கங்கா ஒரு பத்திரிகையில் அக்கினிப் பிரவேசம் என்ற சிறுகதையைப் படிக்கிறாள். நாவலுக்குள் அதை எழுதியவர் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர். தன் கதையில் தாய் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள் என்று பார்க்கிறாள். அந்தக் கதை கனகத்தின் கைக்கும் போகிறது. இப்படி நான் செய்திருக்கக் கூடாதா என்று அந்தத் தாய் தெரிந்துகொள்கிற கட்டம், இரண்டு நூல்களையும் படித்தவர்களுக்கு நெஞ்சை அடைக்கும். ஒரே இரவு, ஒரே பெண், ஒரே தாய். ஒன்றில் ஒரு குடம் தண்ணீர். இன்னொன்றில் ஒரு கூச்சல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் ஒரு நாவலின் நீளம். 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் இந்த நாவல் படமானது. கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. கங்காவின் கதையைத் தொடர்ந்து கங்கை எங்கே போகிறாள் என்னும் இன்னொரு நாவலையும் ஜெயகாந்தன் எழுதினார்.

இந்தத் தாய்க்குப் பக்கத்தில் வைக்கத் தக்க ஒரு தகப்பனை 2012இல் இமையம் எழுதினார். பெத்தவன் சற்று நீண்ட சிறுகதை. பழனியின் மகள் பாக்கியம் தலித் இளைஞன் ஒருவனை விரும்புகிறாள். அவன் போலீஸ் சப் இன்ஸ்பெக்டர். பல முறை அடித்தும் மிரட்டியும் அவள் மசியவில்லை. ஊர்ப் பஞ்சாயத்து கூடி, விடிவதற்குள் மகளைக் கொன்றுவிட வேண்டும் என்று தகப்பனுக்குக் கட்டளை போடுகிறது. பழனி சரி என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். இரவு முழுவதும் அந்த வீட்டில் நடக்கிற அழுகையும் சண்டையும் பேச்சும்தான் கதை. கடைசியில் பணத்தையும் நகையையும் கையில் கொடுத்து மகளை இருட்டோடு இருட்டாக அனுப்பிவைத்துவிட்டு, அவன் விஷத்தைக் குடித்துவிடுகிறான்.

கதை வெளிவந்த சில வாரங்களில், 2012 நவம்பர் 7ஆம் தேதி, தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாயில் தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. சாதி கடந்து மணம் செய்துகொண்ட பெண்ணின் தகப்பன் உயிரை மாய்த்துக்கொண்டதை அடுத்து நடந்த வன்முறை அது. இமையம் முன்கூட்டியே எழுதிவிட்டார் என்று பலர் வியந்தார்கள். வியப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. ஒரு தகப்பனிடம் ஊர் என்ன கேட்கும், மறுத்தால் அவனுக்கு என்ன மிச்சம் வைக்கும் என்பது அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

பழனிக்குத் தன் உயிரைத் தவிர வேறு எதுவும் விலையாகக் கொடுக்க வழியில்லாமல் போனதற்குப் பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் பொறுப்பு. கதையில் அவர்களில் பலருக்கு ஒரு வரிப் பேச்சுக்கூடக் கிடையாது. கூட்டத்தில் நின்றார்கள், தலையை ஆட்டினார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தார்கள். அவர்களுடைய கதையை இன்னும் யாராவது எழுத வேண்டும்.